காப்பு கட்டிய வாய்

வாயில் ஒன்றுமே இல்லை.

பள்ளிவாசல் மலைப்பாதையின் வளைவுகளில் ஜீப் இறங்கிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் டாக்டர் கண்ணயர்ந்திருந்தார். நான் பின்னால் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, அன்று மத்தியானம் நானே எடுத்த வீடியோவை மூன்றாவது தடவையாக ஓட்டிக்கொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு விநாடிதான். செல்லக்கனியக்கா கூட்டத்தைப் பார்த்து வாயைத் திறக்கிறார். உள்ளே வெற்றிலை இல்லை, பாக்கு இல்லை, புகையிலைத் துணுக்குகூட இல்லை. நாக்கு மட்டும் ஈரத்தில் கிடக்கும் புழுவைப்போலப் புரள்கிறது, சுருள்கிறது, பக்கவாட்டில் தள்ளுகிறது. வாயை மூடுகிறார். தாடை மெல்லத் தொடங்குகிறது.

எதை?

நாலு வருஷமாக மாதம் ஒருமுறை அந்தத் தாடை மெல்வதை நான் நேருக்கு நேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மாதம் தவறாமல் அவருடைய சீட்டில் ஒரே வரியை எழுதியிருக்கிறேன்: வெற்றிலைப் பழக்கம் உண்டு. எனக்கு முன்னால் அங்கே வந்துகொண்டிருந்த நர்ஸும் அதையேதான் எழுதியிருந்தார்.

"டாக்டர், எழுந்திருங்க! வண்டியத் திருப்பணும்" என்று கத்தினேன்.

டாக்டர் திடுக்கிட்டு, "எந்தா? ஆக்ஸிடென்டா?" என்றார்.

ஒரு வகையில் ஆக்ஸிடென்ட்தான்.

மலைக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படியெல்லாம் எழுதுவதற்கு ஓய்வு பெற்றிருக்க வேண்டும், தலையாவது நரைத்திருக்க வேண்டும். எனக்கு வயது இருபத்தொன்பது. ஆனால் ஆறு வருஷம் இந்த மலையில் மனநல நர்ஸாக அலைந்துவிட்டு இப்போது கீழே போகிறேன். நான் விட்டுப்போகும் நாற்காலியில் உங்களில் ஒருவர் உட்காரப்போகிறீர்கள். அந்த நாற்காலியில் இருந்துகொண்டு நான் செய்த பெரிய தப்பைத் தெரியாமல் நீங்கள் அதில் உட்காரக் கூடாது.

முதலில் ஒரு விஷயம். படித்திருப்பீர்கள், நானும் படித்தேன். மனநோய்க்கான சில மருந்துகளைப் பல வருஷம் எடுப்பவர்களில் சிலருக்கு வாய், நாக்கு, தாடை, விரல்கள் தாமாகவே அசைய ஆரம்பிக்கும். அவர்கள் அசைப்பதில்லை, அது அசைகிறது. டார்டிவ் டிஸ்கைனீசியா என்று பெயர். தாமதமாக வருவது என்பதுதான் பெயரின் முன்பாதிக்கே அர்த்தம். சீக்கிரம் கண்டுபிடித்தால் குறைக்க வழி உண்டு. விட்டுவிட்டால் நிலைத்துப்போகலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை இருக்கிறது, பத்து நிமிஷ வேலை. தொடக்கத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வாயில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? இருந்தால் எடுத்துவிடச் சொல்ல வேண்டும். காலேஜ் செய்முறைத் தேர்வில் இந்தப் பரிசோதனைக்கு எனக்கு முழு மதிப்பெண்.

மலைக்கு வந்த பிறகு அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். தேயிலைத் தோட்டத்தில் யார் வாயில்தான் வெற்றிலை இல்லை? குளிருக்குப் போடுகிறார்கள், அட்டைக்கடிக்குப் புகையிலையைத் துப்பித் தேய்க்கிறார்கள், பேச்சுத் துணைக்குப் போடுகிறார்கள். துப்பிவிட்டு வாருங்கள் என்றால் எழுந்து வெளியே போய், ஓடையில் துப்பி, கொப்பளித்து, வழியில் பார்த்தவர்களிடம் நாலு வார்த்தை பேசித்தான் திரும்புவார்கள். வெளியே நாற்பது பேர் காத்திருப்பார்கள். வயதில் பெரியவர்களைத் துப்பச் சொல்வது மரியாதை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மரியாதை எல்லாம் இல்லை, அவசரம்தான்.

செல்லக்கனியக்காவுக்கு ஐம்பத்தோரு வயது. சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். முப்பது வயதைத் தாண்டியபோது காதில் சத்தங்கள் கேட்கும் நோய் வந்து, மருந்தால் தேறியவர். பதினெட்டு வருஷமாக ஒரு வேளை மாத்திரை தவறவிட்டதில்லை. எங்கள் குழுவுக்கே அவர்தான் பெருமை. புதிதாக மருந்து தொடங்க யாராவது பயந்தால், "அதோ இருக்காங்களே, அவங்கள மாதிரி ஆயிரலாம்" என்று கையைக் காட்டுவோம். என்னுடைய கோயமுத்தூர்ப் பக்கத்து 'ங்க'வைக் கேட்டாலே அவருக்குச் சிரிப்பு வரும். "ஏனுங்கக்கா" என்று நான் ஆரம்பித்தால், "இருக்கேனுங்க, இங்கனதானுங்க இருக்கேன்" என்று பாட்டாகவே பாடுவார். நான் பாலக்காட்டுக் கிழக்கில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே வளர்ந்தவள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் நாலு 'ங்க' சேர்த்துப் பேசுவேன்.

இனி என் சாதனைக்கு வருகிறேன்.

வாய்ப்புற்று பற்றி ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்த உற்சாகத்தில், தோட்டத்தில் புகையிலை வெற்றிலையை ஒழித்தே தீருவது என்று கிளம்பினேன். நோட்டீஸ் கொடுத்தேன்; அதில் பாக்கு மடித்தார்கள். படம் காட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்போதுதான் மூளை வேலை செய்தது. மாரியம்மன் கொடைக்குக் காப்பு கட்டிவிட்டால் இதே பெண்கள் மீனைத் தொடுவதில்லை, செருப்புப் போடுவதில்லை, ஊரைவிட்டுப் போவதில்லை. அந்த மஞ்சள் கயிற்றுக்கு இருக்கும் பலம் என் நோட்டீஸுக்கு ஏது? கோயிலில் கேட்டேன். நல்ல காரியம்தானே என்றார்கள். நாற்பது நாள் வெற்றிலைக் காப்பு. கோயிலில் வைத்துக் கட்டுவது, நாற்பதாம் நாள் மேடை போட்டு அவிழ்ப்பது.

கட்டுகிற அன்று செல்லக்கனியக்கா கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, "எனக்கு வேண்டாமே சிஸ்டர்" என்றார்.

"ஏனுங்கக்கா? நீங்க கட்டுனாத்தானே மத்தவங்க கட்டுவாங்க?"

"நான் வெத்தல இல்லாம இருக்க மாட்டேன்."

"பதினெட்டு வருசம் மாத்திரையை விடாம இருந்தவங்க நீங்க. வெத்தலையை விட முடியாதுங்களா?"

சுற்றி நின்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் அவருடைய கையைப் பிடித்து வெளியே இழுத்தார். நான் கயிற்றைக் கட்டினேன், மூன்று முடிச்சு.

அந்த நாற்பது நாளில் இரண்டு தடவை அவரைப் பார்த்தேன். இரண்டு தடவையும் தலைத்துண்டை இறக்கி வாயை மூடிக் கட்டியிருந்தார். பல்வலி என்றார். என்ன சுறுசுறுப்பு எனக்கு! அங்கேயே பல் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

நாற்பதாம் நாள் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தின் முன்னால் மேடை. டாக்டர் உள்ளே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மைக் என் கையில், செல்போன் இன்னொரு கையில். முதலில் செல்லக்கனியக்காவைத்தான் கூப்பிட்டேன். துண்டோடுதான் ஏறினார்.

"அக்கா, முகத்தைக் காட்டுங்க, போட்டோவுக்கு" என்று சொல்லி, மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, துண்டை நானே பிடித்து இறக்கிவிட்டேன். என் கைதான். அதை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது.

தாடை மென்றுகொண்டிருந்தது.

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. "ஏளா, காப்ப அவுக்கதுக்கு முந்தியே போட்டுட்டியா!" என்றது பேச்சியம்மாளின் குரல். "நாங்கல்லாம் நாப்பது நாளு வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தோம். இவ துண்டுக்குள்ள வச்சு மென்னுருக்கா பாரேன்!"

"நான் போடல."

"அப்ப மெல்லுதது என்ன, காத்தா?"

அப்போதுதான் அவர் வாயைத் திறந்து காட்டினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எல்லோரும் பார்க்கும்படி. சிரிப்பு நின்றது. முன்வரிசையில் ஒரு பெண் பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். செல்லக்கனியக்கா மேடையை விட்டு இறங்கி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் நடந்து போனார். காப்பு அவிழ்க்கப்படவே இல்லை. நான், பாவம், மேடைக் கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மைக்கில் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

ஜீப்பில் டாக்டர் போனை வாங்கி வீடியோவைப் பார்த்தார். பிறகு, "மூணு வருஷம் நானும் பார்த்தல்லோ இவரை" என்றார். மலையாளம் கலந்த அவருடைய தமிழ், வருத்தம் வந்தால் முழுக்க மலையாளமாகிவிடும்.

"இப்பவே திரும்பிப் போலாமுங்க டாக்டர்."

"வேண்டா. இப்போ ஜீப் போய் லயத்து முன்னால நின்னா அவருக்கு இன்னொரு நாணக்கேடு. நாளைக்குப் போ. ஒற்றைக்குப் போ. யூனிஃபார்ம் வேண்டா."

அது சரியான முடிவுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் காலை நான் போனபோது அவர் இல்லை. கணவர் மாடசாமியண்ணன் லயத்து வீட்டு வரிசையில் தங்கள் வாசலில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மொத வண்டிக்கே குமுளிக்குப் போயிட்டா, தங்கச்சி வீட்டுக்கு" என்றவர், எழுந்து உள்ளே போய் மாரியம்மன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்தார். "இதப் பாருங்க."

மாத்திரை அட்டைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. காப்பு கட்டிய வாரத்தில் நான் கொடுத்தவை, அதற்கடுத்த மாதம் கொடுத்தவை.

அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். வெற்றிலை போட்டால் அசைவு வெளியே தெரியாது. வெற்றிலையை நான் பிடுங்கிக்கொண்டேன். மறைக்க வழியில்லாமல், அசைவையே நிறுத்திவிடலாம் என்று அவர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். இந்த மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் அசைவு கூடத்தான் செய்யும். மேடையில் எல்லோரும் பார்த்தது அதைத்தான்.

"அண்ணா, அவங்க வாய் அசையறது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாமலா? தூங்கும்போது நின்னுரும். விடியக்காலம் கொஞ்ச நேரம் அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"நீங்கதான சிஸ்டர் மாசா மாசம் அவ மூஞ்சிக்கு நேரா உக்காந்திருக்கீக? படிச்சவுகளுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப் போகுது?"

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "மொதல்ல சீக்கு வந்தப்ப பதினோரு நாளு காணாம போயிட்டா. மலைமெட்டு எறங்கி, கம்பம் டவுனுப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூம்ல இருந்து கூட்டியாந்தேன். அப்ப எனக்குக் காலு இருந்துச்சு. இனிமே தேடுததுக்கு நம்மால ஆவாது சிஸ்டர்."

அன்றே குமுளி பஸ் ஏறினேன். நாலு மணி நேரமும் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். மருந்தின் அவசியம் ஒரு பத்தி, பக்கவிளைவு ஒரு பத்தி, ஆறுதல் ஒரு பத்தி.

தங்கை முத்துக்கனி ஏலக்காய் தரம் பிரிக்கும் கடையில் வேலை செய்கிறார். கடையின் பின்பக்கத்தில் சாக்கு விரித்து ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து பச்சையை ஒரு பக்கம், வெளுத்ததை ஒரு பக்கம், வெடித்ததை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் செல்லக்கனியக்கா. கொழுந்து கிள்ளிப் பழகிய விரல், வந்த அன்றே எல்லோரையும் விட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. கன்னத்துக்குள் ஏதோ ஒதுக்கி மென்றுகொண்டிருந்தார். அங்கே எல்லாப் பெண்கள் வாயிலும் ஒரு ஏலக்காய் இருந்தது. வெற்றிலை போனால் ஏலக்காய். மறைந்துகொள்ள நல்ல இடமாகத்தான் பார்த்து வந்திருக்கிறார்.

மணிக்கட்டில் மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது.

"வாங்க சிஸ்டர்" என்றார், தலையை நிமிர்த்தாமல். "இன்னொரு காப்பு கொண்டாந்திருக்கீகளா?"

பெண்கள் சிரித்தார்கள். என் மூன்று பத்தியும் பறந்துவிட்டது.

"மன்னிச்சிருங்கக்கா."

"எதுக்கு?"

"துண்டை இழுத்ததுக்கு."

"அதுக்கு மட்டுமா?"

"நாலு வருசமா பாக்காததுக்கு."

விரல் நின்றது. "பல்லாசுபத்திரிக்குச் சீட்டு எழுதித் தந்தியே. எனக்கு ஏது பல்லு வலி? ஒரு பொய்யச் சொல்லிட்டேன். அதக் காப்பாத்த ஒரு பல்லக் குடுத்துட்டு வந்தேன்." விரலால் கன்னத்தை இழுத்து ஓட்டையைக் காட்டினார். "ஆடுன பல்லுதான். ஆனாலும் என் பல்லுல்லா?"

"எங்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"சொன்னா மருந்த நிறுத்திருவீக. நிறுத்துனா அந்தச் சத்தம் வந்துரும். வாய் ஆடுனா நாலு பேரு சிரிப்பாக, அவ்வளவுதான. சத்தம் வந்தா நான் நானா இருக்க மாட்டேன். ரெண்டுல எது தேவலை? அதான் வெத்தலயப் போட்டு மூடிக்கிட்டேன். நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு, நீ கயிறக் கட்டுத வரைக்கும். மூட வழியில்லன்னு ஆன பொறவுதான் மாத்திரய விட்டுப் பாத்தேன்."

இவ்வளவு தெளிவாக யோசித்து, எதை விட்டு எதை வைத்துக்கொள்வது என்று தனியாகவே முடிவெடுத்த ஒருவரைத்தான் நான் 'மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறார்' என்று மூன்று வார்த்தையில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சத்தம் இப்ப வருதுங்களா, அக்கா?"

முத்துக்கனிதான் சொன்னார்: "வந்ததும் ஒருக்கா திரும்பிப் பாத்து, யாரு கூப்பிட்டான்னு கேட்டா. யாரும் கூப்பிடல."

என் பையில் அவருடைய பழைய மாத்திரை இருந்தது. கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரையும் இருந்தது. வாய் அசைவும் ஒரு நடுக்கம்தானே, நடுக்க மாத்திரையில் ஒன்றைக் கொடுத்து அமர்த்திவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று கை அட்டையைத் தேடிவிட்டது. நல்ல வேளையாக, தெருவுக்கு வந்து டாக்டரைக் கூப்பிட்டேன்.

"அது தொட வேண்டா!" என்றார். "நடுக்கம் வேறு, இது வேறு. அந்த மாத்திரை இதைக் கூட்டும் கேட்டோ. பழைய மருந்தையும் நீயா தொடங்க வேண்டா. நான் பார்க்கணும். எப்படியாவது நாளைக்கு ஆசுபத்திரியில கொண்டு வா. பின்னே, ஒரு காரியம். போயிரும்னு மட்டும் வாக்குக் குடுக்காதே."

உள்ளே திரும்பிய உடனே செல்லக்கனியக்கா கேட்டது அதைத்தான்.

"இது போயிருமா, சிஸ்டர்?"

போயிரும்க்கா என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நீங்களும் அந்த இடத்தில் ஒருநாள் நிற்பீர்கள். எதிரே இருப்பவர் மேல் பிரியம் அதிகமாக அதிகமாக அந்த வார்த்தை இன்னும் சுலபமாக வரும்.

"தெரியாதுக்கா. கொறையலாம். போகவும் போகலாம். அப்படியே நின்னாலும் நிக்கலாம். சத்தம் வராம, வாய் ஆட்டத்தையும் கொறைக்க வேற மருந்து இருக்குன்னு டாக்டர் சொல்றாங்க. மெதுவா மாத்தணும், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பாக்கணும். அதுக்கு நீங்க வரணும்."

"நெசமாவே தெரியாதா?"

"நெசமாத் தெரியாதுங்க."

"சரி." கன்னத்திலிருந்த ஏலக்காயை உள்ளங்கையில் துப்பினார். "இந்தா, என் வாயப் பாக்கணும்னுதான வந்த? மொதல்ல நீ காட்டு."

"என்னதுங்க?"

"நாக்க நீட்டுட்டி. ஊரு முன்னால நான் காட்டுனேன்லா? நீயும் காட்டு."

ஏலக்காய்க் கடையில், ஏழெட்டுப் பெண்கள் பார்க்க, பட்டம் வாங்கிய மனநல நர்ஸ் நாக்கை நீட்டினாள். முத்துக்கனிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அவ மட்டும் காட்டினா எப்பிடி? எல்லாரும் காட்டுங்கட்டி!" என்றார். வரிசையாக எல்லோரும் ஏலக்காயைக் கையில் எடுத்துக்கொண்டு நாக்கை நீட்டினார்கள். உள்ளே எட்டிப் பார்த்த கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "அவரும் காட்டிட்டாரு" என்றார் செல்லக்கனியக்கா. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவருடைய சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பரிசோதனையை முடித்தேன். வெறும் வாய், செருப்பில்லாத கால், முழங்கால் மேல் கை, விரல் விரலாகத் தட்டச் சொல்வது, நடக்கச் சொல்வது. பத்து நிமிஷம் ஆயிற்று. நாலு வருஷமாக எனக்குக் கிடைக்காத பத்து நிமிஷம்.

பிறகு வீடியோவைக் காட்டும்படி கேட்டார். அழித்துவிடுவதாகச் சொன்னேன். கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டு, தன் வாயைத் தானே முதல் தடவையாகப் பார்த்தார். இரண்டு தடவை ஓட்டினார்.

"கொழுந்து மேயுத ஆடு மாதிரில்லா இருக்கேன்" என்றார். பிறகு, "அழிக்காத. வச்சுக்கோ. மருந்து மாத்திட்டு இன்னொண்ணு எடு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம். அப்பத்தான கொறையுதா கூடுதான்னு தெரியும்? நீ எழுதி வைக்கதத்தான் நாலு வருசமாப் பாத்தாச்சே."

வரச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. மணிக்கட்டை என் முன்னால் நீட்டினார். "இந்தக் கயிறோட பொய்க்காரின்னு பேரு வாங்கிட்டேன். நான் வெத்தல போடலன்னு நீ வந்து சொல்லணும். மைக்குலதான என் பேரக் கூப்பிட்ட? அதே மாதிரி எல்லாரும் கேக்கச் சொல்லணும். அது வரைக்கும் நான் தேயிலக் காட்டுல கால் வைக்க மாட்டேன்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நான் பார்த்திருக்கணும். பார்க்கல. தப்பு என்னோடது" என்றார். ஒரு டாக்டர் நோயாளியிடம் இப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. மருந்துகளின் பெயரையும் அளவையும் இங்கே எழுதப்போவதில்லை. ஆளுக்கு ஆள் அது மாறும். சில வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். சத்தம் அடங்கியது.

அவர் திரும்பி வந்த நாள் காலை மஸ்டரில், கொழுந்துக்குப் போகுமுன் பெயர் கொடுக்க எல்லோரும் கூடும் இடத்தில், சூப்பர்வைசரிடம் ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கினேன். மைக் கிடைக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"அன்னிக்கு அக்கா வாயில வெத்தல இல்லீங்க. நாப்பது நாளும் அவங்க போடல. வாய் தானா ஆடுனது நாங்க குடுத்த மருந்தால. அதை நாலு வருசமா நாங்க பாக்கல. பொய் சொன்னது அக்கா இல்லீங்க. தப்புப் பண்ணுனது நானுங்க."

தலைத்துண்டுகளும் கூடைகளுமாக எல்லோரும் நின்றார்கள். பேச்சியம்மாள்தான் வரிசையை விட்டு முன்னால் வந்தார்.

"ஏ செல்லக்கனி, அடுத்த வீட்டுல இருந்துக்கிட்டு இத எங்கிட்டச் சொல்லப்படாதாட்டி?"

"சொன்னா ஊருக்கே சொல்லிருவ."

"சொல்லித்தான் இருப்பேன். ஆனா இப்பிடிச் சிரிச்சிருக்க மாட்டேன்லா?" அவர் கண் கலங்கியிருந்தது. "வாய் ஆடுனா ஆடிட்டுப் போகுது. கொழுந்த வாயாலயா கிள்ளப்போற?"

சொல்லிக்கொண்டே செல்லக்கனியக்காவின் கையைப் பிடித்து, மஞ்சள் போய்ச் சாயம் வெளுத்துப்போன அந்தக் கயிற்றின் முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தார். மூன்று முடிச்சு. மூன்றையும் நான் நன்றாக இறுக்கித்தான் போட்டிருக்கிறேன்.

இதெல்லாம் நடந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. போன வாரம் விடைபெறப் போனபோது மூன்றாவது வீடியோ எடுத்தோம். முதல் வீடியோவுக்குப் பக்கத்தில் வைத்து, லயத்து வாசலில் உட்கார்ந்து பார்த்தோம். தாடை பாதி நேரம் சும்மா இருக்கிறது. நாக்கு இன்னும் புரள்கிறது. பழைய வேகம் இல்லை. போகவில்லை. போகுமா என்று இன்னும் தெரியாது. புகையிலை வெற்றிலையை அக்கா திரும்பத் தொடவில்லை. துண்டு இப்போது தலையில்தான் இருக்கிறது.

"கீழ போயும் எல்லாருக்கும் கயிறு கட்டப்போறீகளா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"பின்ன?"

அதைத்தான் கடைசியாக உங்களுக்கும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை கோவிந்தாபுரத்தில் வேலையில் சேர்கிறேன். மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் பாதி மருந்து, அந்தப் பக்கம் பாதி மருந்து என்று வாங்குகிற ஊர். யார் எதை எத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறார் என்று யாருக்கும் தெரியாது. மூன்று காரியம் செய்து பார்க்கப்போகிறேன். கிளினிக் வாசலில் ஒரு குடம் தண்ணீரும் டம்ளரும். உள்ளே வருகிற எல்லோரும், டாக்டர் உட்பட, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வர வேண்டும். தனியாக ஒருவரைத் துப்பச் சொன்னால்தானே கூச்சம்? புதிதாக மருந்து தொடங்குகிறவர்களுக்கு, அவர்கள் சம்மதித்தால், முதல் மாத்திரைக்கு முன்னாலேயே வெறும் வாயோடு ஒரு வீடியோ. அது செல்லக்கனியக்காவின் யோசனை, என்னுடையது என்று யாராவது சொன்னால் திருத்துங்கள். மூன்றாவது, பழைய நோயாளிகள் எல்லோரையும் வெறும் வாயோடு திரும்பப் பரிசோதிப்பது; அதை நேற்று போனில் சொன்னபோது அங்கே இருக்கும் சுகாதாரப் பணியாளர் பதறிவிட்டார்.

பழைய பதிவேட்டை அவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்திலேயே ஒரு தோப்புக்காரப் பெரியவர். இருபது வருஷ மருந்து. குறிப்பில் ஒரே வரி: எப்போதும் பாக்கு மெல்வார்.

"திங்கக்கெழம முதல் ஆளா அவரை வரச் சொல்லுங்க" என்றேன்.

"ஏனுங் சிஸ்டர், அவரு ஊருக்கே பெரிய மனுசருங்க. அவரைப் போயி வாயக் கொப்பளிச்சு நாக்கை நீட்டுங்கன்னு யாருங்க சொல்றது?"

"யாரும் சொல்ல வேண்டாமுங்க. அவரு வந்து உக்காந்த உடனே, மொதல்ல நான் நீட்டறேன்."